95-ஆ, 98-ஆ, 92-ஆ? ஒரு சொகுசு எஸ்யூவியும் மூன்று ஓட்டுநர்களும்: நிகழ்வு ஆய்வு

பட்டறைக்கு வந்த புகார் ஒரு வரிதான்: “95 பெட்ரோல் ஊற்ற ஆரம்பித்ததிலிருந்து வண்டி உதறுகிறது.”

வண்டி, ஆறு வயதான ஒரு ஜெர்மானிய எஸ்யூவி. மூன்று லிட்டர் எஞ்சின், ஆறு சிலிண்டர், டர்போ, ஏழு இருக்கை. உரிமையாளருக்குச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகை மொத்த வியாபாரம், துவாஸில் கிடங்கு. வீட்டில் வண்டியை மூன்று பேர் ஓட்டுகிறார்கள், மூவருக்கும் மூன்று விதமான பெட்ரோல் மேல் நம்பிக்கை. காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு இதே சண்டையோடு வருகிற குடும்பங்கள் நிறைய உண்டு. இந்த ஒரு வண்டியில் அந்தச் சண்டையின் எல்லாப் பக்கங்களும் இருந்ததால் முழுதாக எழுதி வைக்கிறேன். குடும்பம் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த மூன்று நம்பிக்கைகள்.

உரிமையாளர் வண்டி வாங்கிய நாள் முதல் நிலையத்தில் இருப்பதிலேயே விலை கூடிய ரகத்தைத்தான் ஊற்றி வந்தார். 98-க்கும் மேலே தனிப் பெயர் வைத்து விற்கும் ரகம் இருந்தால் அது, இல்லாவிட்டால் 98. அவர் காரணம் எளிமையானது: “நாலு லட்சம் வெள்ளி கொடுத்து வாங்கின வண்டி தம்பி, அதுக்குப் போய் மட்டமானதை ஊத்துவாங்களா?”

மனைவிதான் கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் பார்ப்பவர். கடன் அட்டைப் பட்டியலில் பெட்ரோலுக்குப் போகும் தொகை மாதாமாதம் கண்ணில் குத்தியது. இதே வண்டி வைத்திருக்கும் தோழி 95 ஊற்றுவதாகச் சொல்ல, இவரும் மாற்றிவிட்டார். மாற்றிய சில வாரங்களில்தான் உதறல் தொடங்கியது.

மகன் தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் போகிறவர். அவர் இணையத்தில் இதே எஞ்சினைப் பற்றி அமெரிக்கர்கள் எழுதியதைப் படித்திருக்கிறார். அங்கே “91 போதும்” என்று போட்டிருந்தது. இங்கே 92 இருக்கிறது, 91-ஐவிட ஒன்று கூடவே, பிறகென்ன என்று வண்டி தன் கைக்கு வரும்போதெல்லாம் 92 ஊற்றியிருக்கிறார். இதை அவர் முதலில் சொல்லவில்லை. பாதி விசாரணைக்குப் பிறகு, அப்பா தேநீர் குடிக்க வெளியே போன நேரத்தில், மெதுவாகச் சொன்னார்.

மூடிக்குள் எழுதியிருந்தது

இத்தனை வாதத்துக்கும் நடுவில் மூவரில் ஒருவரும் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்ததைப் படிக்கவில்லை. இது வழக்கம்தான். சிங்கப்பூரில் பல நிலையங்களில் பணியாளரே வந்து குழாயைப் பிடித்துக்கொள்வதால், சொந்த வண்டியின் மூடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பத்து வருடம் ஓட்டி முடித்தவர்களும் உண்டு.

ஒட்டியிருந்த தாளில் இரண்டு எண்கள் இருந்தன. ரோன் (குழாயில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்) 98 பரிந்துரை, ரோன் 95 குறைந்தபட்சம். பக்கத்தில் வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்ற குறிகள். அந்த வட்டங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் கலந்திருக்கலாம் என்பதற்கான ஐரோப்பிய அடையாளம் அது, ரகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கையேடு இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னது: அறிவித்த குதிரைத்திறனும் எரிபொருள் அளவும் 98-ல் கிடைப்பவை, 95 ஊற்றினால் எஞ்சின் தன்னைச் சரிசெய்துகொள்ளும். போர்ஷ நிறுவனத்தின் கயென் கையேடுகளிலும் ஏறக்குறைய இதே மாதிரியான வாசகத்தைப் பார்க்கலாம். வேறு பல சொகுசு எஸ்யூவிகளில் 95 என்ற ஒரே எண்தான் இருக்கும். அவற்றுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை, 95 ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மெர்சிடிஸ் ஏஎம்ஜி 63 போன்ற வேகக்காரர்களுக்கு 98. அங்கேயும் விவாதம் கிடையாது. இரண்டு எண் போட்ட வண்டிகளில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது.

ஜப்பானிலிருந்து நேராக இறக்குமதியான வண்டிகள் தனி ரகம். அங்கே சாதாரண பெட்ரோலுக்குத் தரநிலை குறைந்தபட்சம் ரோன் 89, உயர்ரகத்துக்கு 96. மூடிக்குள் ஜப்பானிய எழுத்தில் ‘பிரீமியம்’ என்று இருந்தால் இங்கே 98 ஊற்றுவதே பொருத்தம், ஏனென்றால் நம் 95 அந்த 96-க்கு ஒரு படி கீழே நிற்கிறது. படிக்கத் தெரியாவிட்டால் கைத்தொலைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். வண்டி விற்றவர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

எண் எதை அளக்கிறது

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியையோ சுத்தத்தையோ அளப்பதில்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை மட்டுமே அளக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் கொண்ட ஒரு சோதனை எஞ்சினில், நிமிடத்துக்கு 600 சுழற்சியில் ஓடவிட்டு, ஐசோஆக்டேன், ஹெப்டேன் என்ற இரண்டு திரவங்களின் கலவையோடு ஒப்பிட்டு எண் கொடுக்கிறார்கள். 95 பங்கு ஐசோஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தது எந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்குமோ, அந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கும் பெட்ரோல் ரோன் 95.

டர்போ எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அமுக்கிய காற்று சூடாகிறது. பிளக் பொறி விட்ட பிறகு, சுடர் பரவி முடிவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் இது காதில் கேட்கும். சரளைக் கல்லைத் தகரடப்பாவில் போட்டு ஆட்டின மாதிரி. அப்போது குறைந்த ரகம் ஊற்றினால் எஞ்சின் கெடும் என்பது உண்மையாகவே இருந்தது, ஏனென்றால் வண்டிக்கு அதைக் கண்டுபிடிக்க வழி இல்லை. இப்போது எஞ்சின் உடம்பில் நாக் சென்சார் இருக்கிறது. அதிர்வு வந்ததும் கணினி பொறி விடும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடும். நாக்கிங் நின்றுவிடும், பதிலுக்கு உச்சச் சக்தியில் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான் 95-க்கும் 98-க்கும் இந்த வண்டியில் உள்ள உறவு.

உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் திருப்தி இல்லை. அவர் அரிசி வியாபாரி. “அண்ணே, பாஸ்மதி விலை கூடதான். அதுக்காக இட்லிக்கு யாராவது பாஸ்மதி ஊறப்போடுவாங்களா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. “அப்ப உதறலுக்கு என்ன பதில்?” என்றார். நியாயமான கேள்வி.

மகனின் 91

அதற்கு முன் மகனின் கணக்கைத் தீர்த்துவிடலாம். அமெரிக்க நிலையங்களில் குழாயில் எழுதியிருக்கும் எண் ரோன் இல்லை. ரோன் எண்ணையும், இன்னும் கடுமையான சோதனையில் வரும் மோன் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரி அது. மோன் சோதனையில் எஞ்சின் 900 சுழற்சியில் ஓடும், உள்ளே போகும் கலவையைச் சுமார் 149 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். அதனால் மோன் எப்போதும் ரோனைவிடக் குறைவாக வரும், சராசரியும் இறங்கிவிடும். அமெரிக்காவின் 91 நம் ஊரில் ஏறக்குறைய ரோன் 95 அல்லது 96. நம் ஊர் 92, அங்கே மிக மலிவாக விற்கும் 87-க்குத்தான் சமம்.

அதாவது மகன் குறைந்தபட்ச எண்ணுக்கும் கீழே இறங்கியிருக்கிறார். அதனால் எஞ்சின் உடைந்துவிடவில்லை. சென்சார் தன் வேலையைச் செய்தது. ஆனால் பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாட்டைத் தினசரி வேலைக்கு இறக்குவது சரியல்ல. அதிலும் இதில் மிச்சமானது என்ன? 92-க்கும் 95-க்கும் சிங்கப்பூரில் பெட்ரோல் வரி ஒன்றேதான், பலகை விலையில் வித்தியாசம் லிட்டருக்குச் சில காசுகள். அந்தச் சில காசுகளுக்காக நான்கு லட்சம் வெள்ளி வண்டியைச் சோதிப்பது எனக்குப் புரியாத சிக்கனம்.

அமெரிக்கக் கையேடும், அமெரிக்கர்கள் எழுதும் குறிப்புகளும் இங்கே நிறையப் பேர் படிக்கிறார்கள். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சுமார் நான்கு அல்லது ஐந்து கூட்டிக்கொண்டால் நம் குழாயில் உள்ள எண் கிடைக்கும்.

உதறல் எங்கிருந்து வந்தது

புகாரைத் துல்லியமாகக் கேட்டபோது அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வண்டி நின்றபடி ஓடும்போது ‘டிக் டிக்’ என்ற சத்தம். இன்னொன்று, விரைவுச்சாலையில் நுழையும்போது அழுத்தி மிதித்தால் வரும் உதறல்.

சத்தத்தை உடனே ஒதுக்கிவிட்டோம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில் ஊசிகளும் உயரழுத்த பம்ப்பும் இப்படித்தான் தட்டும். திறந்த சாலையில் கேட்காது, தாழ்ந்த கூரையும் சுவரும் உள்ள இடத்தில் எதிரொலித்துப் பெரிதாகக் கேட்கும். நாக்கிங் எஞ்சினில் சுமை ஏறும்போது வருவது. சும்மா நிற்கும் வண்டியில் கேட்கும் தட்டலைப் பெட்ரோல் தலையில் கட்டக் கூடாது.

உதறல்தான் விஷயம். எஞ்சின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தீவு விரைவுச்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு பட்டியல்களைக் கவனித்தோம்: எந்தச் சிலிண்டரில் எவ்வளவு பொறி நேரம் தள்ளிப்போகிறது, எந்தச் சிலிண்டரில் எரியாமல் தப்புகிறது. முதல் பட்டியலில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாவது பட்டியலில் எரியாமல் தப்பியவை இரண்டு சிலிண்டர்களில் குவிந்திருந்தன. பெட்ரோல்தான் காரணம் என்றால் ஆறிலும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டியிலிருந்துதானே போகிறது.

பிளக்குகளைக் கழற்றினோம். முனைகள் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தது. ஓடிய தூரம் 80,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது, பிளக்குகளோ வண்டியோடு வந்தவை. இப்படிப்பட்ட டர்போ எஞ்சின்களில் 60,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றியிருக்க வேண்டும். உத்தரவாதம் முடிந்த பிறகு வண்டி மாறி மாறி வெவ்வேறு பட்டறைகளுக்குப் போயிருக்கிறது. எல்லா ரசீதுகளிலும் எண்ணெய், வடிகட்டி, எண்ணெய், வடிகட்டி. பிளக் யாருடைய பட்டியலிலும் இல்லை.

டர்போ அமுக்கம் ஏறும்போது அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். இடைவெளி கூடினால் இன்னும் அதிகம். ஒரு கட்டத்தில் அந்த மின்னழுத்தத்தைத் தரும் காயிலால் கொடுக்க முடியாமல் போகும், பொறி அணையும், வண்டி உதறும். லேசாக மிதித்தால் தெரியாது, அழுத்தினால் மட்டும் தெரியும். பிளக் ஆறையும், சந்தேகத்துக்கு இடமான காயில் இரண்டையும் மாற்றியதும் உதறல் போய்விட்டது. தொட்டியில் இருந்தது அதே 95.

அப்படியென்றால் 95-க்கு மாறியபோது ஏன் தொடங்கியது? தேய்மானம் தன் போக்கில் அந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது, அதே நேரத்தில் பெட்ரோலும் மாறியிருக்கிறது. நடுவில் ஒருமுறை உரிமையாளர் பிடிவாதமாக 98-க்குத் திரும்பியபோது “கொஞ்சம் பரவாயில்லை” போலிருந்ததாம், பிறகு மறுபடி உதறியதாம். அந்தப் ‘பரவாயில்லை’ வாரம் பள்ளி விடுமுறை. சாலை காலி, யாரும் அழுத்தி மிதிக்கவில்லை. பட்டறை வேலையில் பாதி இப்படி ஒரே நேரத்தில் நடந்த இரண்டு விஷயங்களைப் பிரித்தெடுப்பதுதான்.

நியாயமான ஒப்பீடு

வண்டி சரியான பிறகு உரிமையாளர் விடவில்லை. “இப்ப சொல்லு தம்பி, 98-க்கு அர்த்தம் இருக்கா இல்லையா?” உடைந்த வண்டியில் பெட்ரோலைச் சோதிக்க முடியாது என்பதால் இந்தக் கேள்வியை அதுவரை தள்ளிவைத்திருந்தோம்.

ஒப்பீட்டில் பெரும்பாலானவர்கள் தவறுவது ஒரே இடத்தில்: தொட்டியில் பழையது மிச்சம் இருக்கும்போதே புதியதை ஊற்றிவிட்டு வித்தியாசம் தேடுவார்கள். 85 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் 98 கிடக்க, மேலே 65 லிட்டர் 95 ஊற்றினால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 95.7. அதோடு கணினியும் முந்தைய பெட்ரோலுக்குப் பழகியிருக்கும். புதியதற்குப் பழகக் கொஞ்சம் ஓட வேண்டும். ஆகவே தொட்டி கிட்டத்தட்டக் காலியான பிறகு நிரப்பி, அதையும் ஓட்டித் தீர்த்து, மறுபடி நிரப்பிய பிறகுதான் அளந்தோம். பெட்ரோல் செலவை முகப்புத் திரையில் பார்க்காமல், குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, லிட்டரையும் கிலோமீட்டரையும் வைத்துக் கணக்கிட்டோம்.

மலை ஏற்றிப் பார்க்கலாம் என்றால் நம் ஊரின் உச்சியே புக்கிட் தீமா, 163 மீட்டர்தான். ஆகவே ஏழு பேர் ஏறிய வண்டி, நெரிசலில் ஊர்ந்து சூடான எஞ்சின், அதன் பிறகு விரைவுச்சாலை நுழைவில் முழு மிதி. சிங்கப்பூரில் கிடைக்கக்கூடிய கடுமையான சோதனை அதுதான். நெரிசலில் நிற்கும்போது டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் பகுதியே சூடேறிவிடும். அடுத்து மிதிக்கும்போது உள்ளே போகும் காற்று கொதிக்கும்.

எழுபது, எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது இரண்டு பெட்ரோலிலும் அளவுகளைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த முழு மிதியில் மட்டும் வித்தியாசம் வந்தது. 95-ல் சில சிலிண்டர்களில் பொறி நேரம் சற்றுப் பின்வாங்கி, மிதியைத் தளர்த்தியதும் திரும்பி வந்தது. 98-ல் பெரும்பாலும் அசையவில்லை. காதுக்கு இரண்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. பெட்ரோல் செலவில் இருந்த வேறுபாடு, மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் இடையே வழக்கமாக வரும் ஏற்றத்தாழ்வுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இங்கே சிறு பக்கக் குறிப்பு. சூட்டுக்காக நம் ஊரைக் குறைசொல்கிறோம், ஆனால் இங்குள்ள ஈரப்பதம் எஞ்சினுக்கு ஒரு விதத்தில் உதவி. காற்றில் உள்ள நீராவி எரிப்பின் சூட்டைத் தணித்து நாக்கிங்கைச் சற்றுக் குறைக்கிறது. 98 ஊற்ற வேண்டிய அளவுக்கு நம் வெயில் கொடுமையானது என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

“98-ல மிதிச்சா கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கு” என்றார் உரிமையாளர். இருக்கும். முழு மிதியில் அது பொய்யில்லை. துவாஸுக்கும் சிராங்கூனுக்கும் நடுவே அவர் எத்தனை முறை முழுதாக மிதிக்கிறார் என்பதுதான் கேள்வி. அதற்கு மனைவி பதில் சொன்னார்: “ஈஆர்பி சாலைக் கட்டணக் கம்பத்துக்கு அடியிலேயே நாப்பதுல போற ஆளு இவரு.”

எஞ்சின் சுத்தம் என்ற வாதம்

உரிமையாளரின் கடைசிக் கோட்டை இது: விலை கூடிய பெட்ரோல் எஞ்சினைக் கழுவும் என்பது. கழுவும் மருந்து வேறு, ஆக்டேன் வேறு. பெரிய நிறுவனங்கள் 95-லும் மருந்து கலக்கின்றன. கால்டெக்ஸ் தன் டெக்ரானை எல்லா ரகங்களிலும் கலந்தே விற்கிறது. உயர்ரகங்களில் மருந்து கூடுதல் என்பது விற்பவர்கள் சொல்வது, ஊசி முனைகளுக்கு அதில் பலன் இருக்கலாம்.

ஆனால் இந்த எஞ்சினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. காற்று நுழையும் வால்வின் முதுகைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. நேரடி ஊசி எஞ்சின்களில் கரி படியும் முக்கிய இடமே அதுதான். எந்த ரகம் ஊற்றினாலும் அந்த இடத்தைப் பெட்ரோல் கழுவாது. ஒருநாள் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். இதைக் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆறு வருடமாக எதற்குக் கொடுத்தோம் என்று நினைத்திருப்பார்.

வெள்ளிக் கணக்கு

குடும்பத்தின் ஓட்டம் ஆண்டுக்குச் சுமார் 15,000 கிலோமீட்டர். ஊருக்குள் ஓடும் இந்தக் கனமான வண்டிக்கு நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,800 லிட்டர். அண்மை ஆண்டுகளில் பலகை விலையில் 95-க்கும் 98-க்கும் வித்தியாசம் லிட்டருக்கு ஏறக்குறைய 50 காசு. தனிப் பெயர் ரகத்துக்கு 70 காசு வாக்கில். ஆக 98-க்கு ஆண்டுக்கு 900 வெள்ளி, மேல்ரகத்துக்கு 1,260 வெள்ளி கூடுதல்.

இதில் அரசாங்கத்துக்குப் போவது எவ்வளவு? 2021 பிப்ரவரி 16 முதல் 92, 95 ரகங்களுக்குப் பெட்ரோல் வரி லிட்டருக்கு 66 காசு, 98-க்கும் அதற்கு மேலும் 79 காசு. வித்தியாசம் 13 காசு. அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்த்தாலும் 14 காசைச் சற்றே தாண்டும். மீதி 36 காசு விற்பவர் வைக்கும் விலை. “98-க்கு வரி அதிகம், அதனால்தான் விலை” என்பது மூன்றில் ஒரு பங்குகூட உண்மையில்லை.

தள்ளுபடி இன்னும் சுவாரசியமானது. கடன் அட்டைத் தள்ளுபடிகள் விழுக்காட்டில் வருவதால், விலை கூடிய ரகம் ஊற்றினால் ரசீதில் ‘நீங்கள் சேமித்தது’ என்ற எண்ணும் கூடுதலாக இருக்கும். உரிமையாளர் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 20 விழுக்காடு தள்ளுபடியோடு 50 காசு வித்தியாசம் 40 காசாகிறது. ஆண்டுக்கு 720 வெள்ளி. சேமித்தது போல் தெரிவது உண்மையில் கூடுதலாகக் கொடுத்ததுதான். நிலையத்துக்கு நிலையம் தள்ளுபடி போக விலை என்ன என்று பார்க்கச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் 2020-ல் தொடங்கிய ‘ஃபியூவல் காக்கி’ இணையத்தளம் இருக்கிறது. மனைவி அதை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லவே வேண்டாம்.

98 ஊற்றினால் கூடுதலாக ஓடும், அதில் காசு திரும்பிவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 95 விலை 2.90 வெள்ளி, 98 விலை 3.40 வெள்ளி என்று வைத்தால், செலவு சமமாக வேண்டுமானால் 98-ல் எரிபொருள் பயன்பாடு 15 விழுக்காடு குறைய வேண்டும். இந்த எஞ்சினில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆக்டேனால் எந்தச் சாதாரண வண்டியிலும் அவ்வளவு குறையாது.

மலேசியப் பயணம்

குடும்பத்துக்கு ஈப்போவில் உறவினர்கள். ஆண்டில் சில முறை ஏழு பேரும் பெட்டிகளும் ஏறிப் போகிறார்கள், அங்கிருந்து கேமரன் மலைக்கும் ஏறுகிறார்கள். இந்த வண்டி உண்மையாகவே மூச்சு வாங்கும் இடம் அதுதான்: முழுச் சுமை, நீண்ட ஏற்றம், ஓய்வில்லாத டர்போ அமுக்கம். மூடிக்குள் எழுதிய 98-க்கு அங்கே பொருள் இருக்கிறது.

இதில் சட்டமே பாதி முடிவை எடுத்துவிடுகிறது. சிங்கப்பூர் வண்டி தரைவழியாக வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். 1989-ல் அரைத் தொட்டி என்று தொடங்கிய விதி 1991-ல் முக்காலானது. மலேசியாவிலோ வெளிநாட்டு வண்டிகளுக்கு ரோன் 95 விற்க 2010 ஆகஸ்ட் முதல் தடை. அது அந்நாட்டு மக்களுக்கான மானியப் பெட்ரோல். நாம் 97-ஓ அதற்கு மேலோ ஊற்ற வேண்டும். 97-ம் நம் 95-ஐவிட மலிவு என்பதால் யாரும் வருத்தப்படுவதில்லை.

ஆகவே நாங்கள் சொன்னது இது: துவாஸ் தாண்டும்போது 95 இருக்கட்டும். வடக்கே சமதள நெடுஞ்சாலையில் அது தீரும். ஈப்போவுக்கு முன் 97 நிரப்பிவிட்டால் மலை ஏறும்போது தொட்டியில் பெரும்பகுதி 97 இருக்கும். பயணத்துக்கு முதல் நாள் சிங்கப்பூரில் 98 நிரப்பிப் பெருமையாகக் கிளம்ப வேண்டியதில்லை. மனைவிக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது.

எடுத்த முடிவும் அதன் எல்லையும்

ஊருக்குள் 95. மலைக்கு 97. மகனின் 92 நிறுத்தம். பிளக் அடுத்த 60,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்தோம். 98-ஐ விட்டதில் ஓராண்டு மிச்சமாகும் தொகையிலேயே அந்தச் செலவு அடங்கிவிடும்.

உரிமையாளர் முழுதாக மனம் மாறினார் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் 98 ஊற்றிக்கொள்கிறேன் என்றார். தாராளமாக ஊற்றலாம், அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. தேவைக்கு மேல் ஆக்டேன் கொடுத்தால் எஞ்சினுக்குத் தீங்கு கிடையாது, பணப்பைக்குத்தான்.

இந்த முடிவு இந்த வண்டிக்கு, இந்த ஓட்டத்துக்கு. வார இறுதிதோறும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் விரட்டுபவர், படகு இழுப்பவர், மலையடிவாரத்தில் வீடு வைத்திருப்பவர் என்றால் அதே மூடி, அதே இரண்டு எண்களுக்கு நான் 98 என்றே சொல்வேன். வண்டிக்குப் பத்து வயதாகிச் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பிக்கும் நிலை வந்தால் மறுபடி அளக்க வேண்டும். சிலிண்டருக்குள் கரி படியப் படிய நாக்கிங் வாய்ப்பு கூடும், அப்போது 95-ல் பொறி நேரம் அடிக்கடி பின்வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

வண்டியை எடுத்துப் போக வந்த அன்று மகன் தனியாக இன்னொன்று கேட்டார்: எஞ்சின் கணினியை மாற்றி எழுதிக் குதிரைத்திறன் கூட்டும் ‘ரீமேப்’ செய்யலாமா என்று. அப்படிச் செய்தால் டர்போ அமுக்கமும் பொறி நேரமும் 98-ஐ நம்பியே அமைக்கப்படும், 95 என்ற குறைந்தபட்ச எண் செல்லாமல் போய்விடும், அம்மாவின் கணக்கில் ஆண்டுக்கு 900 வெள்ளி திரும்ப ஏறும் என்றேன். “அப்பாகிட்ட கேட்டா ஒத்துக்குவாரு” என்றார். அம்மாவிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.